காடித் தகரத்தில் ஓட்டையா? வீட்டிலேயே வெட்டி, ஒட்டுப் போட்டு, அடைக்கும் முழு வழிகாட்டி

ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கிடந்த கால்மிதியைத் தூக்கினேன், காடிக்கு (காருக்கு) அடியில் இருந்த செம்மண் தெரிந்தது. ஐம்பது காசு அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் விளிம்பை விரலால் அழுத்தியதும் தகரம் நமத்துப்போன பிஸ்கட் போல உதிர்ந்து, ஓட்டை உள்ளங்கை அளவுக்கு விரிந்துவிட்டது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பழைய காடி வைத்திருக்கிற பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் இன்னும் நம் பாதைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும், தகரம்தான் முதலில் கைவிடும்.

இந்த வேலையை மூன்று காடிகளில் செய்திருக்கிறேன். முதல் காடியில் செய்தது வீண். துருவின் மேலேயே ஃபைபர் துணியை ஒட்டி, பட்டி பூசி, சாயம் அடித்து அழகாக முடித்தேன். எட்டே மாதத்தில் சாயம் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, பட்டி மொத்தமும் ஒரு பலகை போலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே முன்பைவிடப் பெரிய ஓட்டை. அன்றைக்குப் புரிந்ததைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்: ஓட்டையை மூடுவது வேலையில் சின்னப் பகுதி. தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிப்பதும், துருப்பிடித்த தகரத்தை மிச்சம் வைக்காமல் வெட்டி எடுப்பதும்தான் பெரிய பகுதி.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வந்தது?

துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளியே வரும். வெளியில் சாயத்தில் ஒரு சின்னக் கொப்பளம் தெரிகிறது என்றால் உள்பக்கம் வேலை முடியும் நிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் அடிப்பகுதியில் துரு என்றால் கதவைத் திறந்து கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் வடிவதற்காகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவை மண்ணாலோ பழைய மெழுகாலோ அடைபட்டிருக்கும். முன் தரையில் ஓட்டை என்றால் பொனட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். பால்மரத்துக்கு (ரப்பர் மரத்துக்கு) அடியில் காடி நிறுத்துகிறவர்களுக்கு அங்கே ஒரு கூடை மக்கிய இலை கிடைக்கும். மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் அங்கே தேங்கி உள்ளே இறங்கும். முன் கண்ணாடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தாலும் அதே கதைதான். பூட்டில், அதாவது பின்பக்கச் சாமான் அறையில், தண்ணீர் நின்றால் பின் விளக்குகளின் ரப்பரையும் பூட் மூடியைச் சுற்றியுள்ள ரப்பரையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து பைப்பில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடவேண்டும், ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். நுழைகிற இடம் தெரிந்துவிடும்.

தோட்டத்துக் காடிகளுக்கென்று வேறு காரணங்களும் உண்டு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பில் இரும்பை அரிக்கிற குளோரைடு எதுவோ அதேதான் இதிலும் இருக்கிறது. உர மூட்டையைப் பின்னிருக்கையில் ஏற்றி, சிந்திய நாலு உரமணியைத் துடைக்காமல் விட்டால், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து கம்பளத்துக்கு அடியில் வருடக்கணக்கில் வேலை செய்யும். கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப்பால், ஏற்றுகிறவர்களுக்கு இன்னும் மோசம். பால் உறைய ஃபார்மிக் அமிலம் சேர்ப்பதால் அதிலிருந்து வடிகிற தண்ணீரும் புளிப்பாகத்தான் இருக்கும், பூட் தரையைத் தின்றுவிடும். சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்மடிப்பில் ஒட்டிக் காய்ந்த செம்மண் இன்னொன்று. அது காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், துருப்பிடித்தது மொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்துங்கள், இறங்கினால் அது தகரமே இல்லை. அப்புறம் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து மெல்லிய துணியில் சுற்றி வெளிப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது, உங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஏற்கனவே எதையோ மறைத்திருக்கிறார்.

மட்கார்டு, கதவின் வெளித்தோல், பூட் தரை, கால் வைக்கும் தரையின் சமதளப் பகுதி, இவற்றை நீங்கள் செய்யலாம். சாசிஸ் தண்டு, சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், பொனட்டுக்குள் அப்சார்பர் மேலே முட்டும் கோபுரம், சீட் பெல்ட்டும் இருக்கையும் முறுக்கப்பட்டிருக்கும் இடம், கதவுகளுக்குக் கீழே பெட்டி போல நீளமாக ஓடும் சில் ஆகியவை காடியின் எலும்பு. மோதலில் ஆளைக் காப்பாற்றுவது அவைதான். அங்கே ஃபைபரும் பசையும் வைப்பது உயிரோடு விளையாடுவது, அனுபவமுள்ள வெல்டரிடம் கொண்டுபோங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இன்னொன்று, சாசிஸ் எண் பொறித்த இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். நாளைக்கு விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். சுற்றிலும் புதிதாகத் தேய்த்த அடையாளம் இருந்தால் வீண் கேள்வி வரும்.

தகரமும் சாமான்களும்

காடியின் வெளித்தகரம் பொதுவாக 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர் கனம். ஒட்டுக்கு 0.8 அல்லது 0.9 போதும், தரைக்கு 1 மில்லிமீட்டர் போடலாம். தடிப்பான தகரம்தான் பலம் என்று 2 மில்லிமீட்டர் போடுகிறவர்கள் உண்டு. அது வளையாது, வெல்டிங் அடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் மெல்லிய தகரம்தான் உருகி ஓடும். பிஸ்கட் டின்னும் வேண்டாம், அது மிக மெல்லிசு.

வீட்டுக்கூரைக்குப் போடும் துத்தநாகம் பூசிய தகரம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் வெல்டிங்குக்கு ஆகாது. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்துவிடும், இரும்பு உருக ஏறக்குறைய 1,500 வேண்டும். ஆக இரும்பு உருகுவதற்குள் துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பும். அதைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வந்தது போல உடம்பு நடுங்கும். நான் தேடுவது பெசி புரோக் கடையில் (பழைய இரும்புக் கடையில்) கிடக்கும் இன்னொரு காடியின் பொனட்டையோ கதவையோதான். கனம் சரியாக இருக்கும், பல சமயம் நமக்கு வேண்டிய வளைவும் அதிலேயே கிடைக்கும். பழைய காடிகளில் இல்லாவிட்டாலும் பிந்தி வந்தவற்றில் அந்தத் தகரத்துக்கும் துத்தநாகப் பூச்சு இருக்கலாம், அதனால் ஓரங்களை இருபக்கமும் தேய்த்துவிட்டுத்தான் வெல்டிங்.

மற்ற சாமான்கள்: நாலு அங்குல கிரைண்டர், 1 மில்லிமீட்டர் வெட்டும் தட்டு, 80-ஆம் நம்பர் தேய்க்கும் தட்டு, கம்பி பிரஷ், தகரக் கத்தரி, சுத்தியல், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள், உப்புத்தாள் 80 முதல் 800 வரை. ஹார்ட்வேர் கடையில் கெர்த்தாஸ் பாசீர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கண்ணாடி, காதடைப்பு, தூசி முகமூடி, தோல் கையுறை ஆகியவற்றையும் அதே கடையில் அதே நாளில் வாங்கிவிடுங்கள். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் வாங்கவே மாட்டோம்.

அடியில் படுத்து வேலை செய்வதாக இருந்தால் ஜாக்கை நம்பாதீர்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள். லயத்து வாசலில் மண்தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள், மழை பெய்த மண்ணில் அது சத்தமில்லாமல் இறங்கும்.

நாளும் பார்க்கவேண்டும். நம் மேற்குக்கரைப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குமேல் மழை நிச்சயம் போலத்தான். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில் இந்த ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் துரு பூத்துவிடும். ஆகவே காலையில் பசியாறியதும் ஆரம்பித்து, அன்று தேய்த்ததற்கு அன்றே பிரைமர் அடித்துவிடும் அளவுக்கு மட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவது

இங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்கும். இரண்டாவது காடியின்போது பக்கத்து லயத்தில் இருந்த ஒரு பெரியவர், பல வருடம் காடி தட்டும் வேலை பார்த்தவர், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை எலுமிச்சம்பழ அளவு. நான் அதைச் சுற்றி ஒரு விரல்கடை விட்டுக் கோடு போட்டேன். அவர் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கோட்டைப் போட்டார்.

“அண்ணே, இவ்வளவு வெட்டணுமா?”

“நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டணும் தம்பி. துருவுல வச்ச ஒட்டு நிக்காது. பெரிய ஓட்டைய அடைக்கிறதுதான் சுலபம், சின்ன ஓட்டைதான் ஏமாத்தும்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. முதலில் கம்பி பிரஷால் சாயத்தையும் துருவையும் நீக்கி, வெள்ளை வெளேரென்று இரும்பு தெரியும் இடம் எது என்று பாருங்கள். அந்த நல்ல இரும்புக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போய் வெட்டுங்கள். வெட்டும் வடிவம் நேர்க்கோடுகளாக இருந்தால் ஒட்டு செய்வது எளிது, மூலைகளை மட்டும் வட்டமாக விடுங்கள். கூர் மூலையில்தான் பின்னால் விரிசல் ஆரம்பிக்கும்.

வெட்டுவதற்கு முன் கம்பளம், இருக்கை, தார்ப் பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்தத் தகரத்தின் மறுபக்கம் என்ன ஓடுகிறது என்று கட்டாயம் பாருங்கள். தரைக்கு அடியில் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் போகும், சில்லுக்குப் பக்கத்தில் ஒயர் கட்டு போகும்.

வெட்டியபின் விளிம்பின் உள்பக்கத்திலும் துரு ஒட்டியிருக்கும். தேய்க்க முடிகிற இடத்தைத் தேய்த்து, குழிகளில் மிஞ்சுவதற்குத் துருமாற்றி தடவுங்கள். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ சேர்ந்த அந்தத் திரவம் மெல்லிய துருவை இறுகிய கறுப்புப் படலமாக்கும். ஆனால் உதிர்கிற துருவுக்கு அது மருந்தில்லை, வெல்டிங் அடிக்கப்போகும் விளிம்பிலும் தடவக்கூடாது.

ஒட்டுத் தகரம்

மைலோ அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து ஓட்டையின்மேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து பென்சிலால் விளிம்பைக் கோடு போடுங்கள். கத்தரித்து, பொருத்திப் பார்த்து, அட்டையிலேயே எல்லாத் திருத்தமும் செய்துவிட்டு அப்புறம்தான் தகரத்துக்குப் போகவேண்டும். அட்டையில் பத்து நிமிடம் செலவழித்தால் தகரத்தில் ஒரு மணி நேரம் மிச்சம். விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டிங் அடிப்பதாக இருந்தால் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேலே படிய வைத்து ஒட்டுவதாக இருந்தால் சுற்றிலும் 25 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். வளைவு வேண்டுமென்றால் மணல் நிரப்பிய கோணிப்பையின்மேல் தகரத்தை வைத்து மெதுவாகத் தட்டுங்கள், அல்லது ஓர் இரும்புக் குழாயில் வைத்துக் கையால் அழுத்துங்கள். காலியாக இருந்தாலும் இதற்குக் கேஸ் தோம்பை எடுக்காதீர்கள், பக்கத்தில் பொறி பறக்கும் வேலை நடக்கிறது.

ஒட்டுவதற்கு மூன்று வழி

குண்டூசித் தலை அளவுத் துளைகள், பாரம் தாங்காத இடம் என்றால் ஃபைபர் துணியும் ரெசினும் போதும். சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் இரும்பு தெரியத் தேய்த்து, உள்பக்கத்திலிருந்து மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுப் பெரிதாக. ரெசினோடு வரும் ஹார்டனர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

வெல்டிங் மெஷின் இல்லாதவர்கள், கால்தரை போன்ற இடத்துக்கு இரண்டு பாகம் கலக்கும் உலோகப் பசையைப் பயன்படுத்தலாம். 25 மில்லிமீட்டர் மேற்படியும்படி வைத்து, இரு முகத்தையும் தேய்த்து, பசையைப் பூசி, ரிவெட் அடித்து ஓர் இரவு விடவேண்டும். ரிவெட் இரும்பில் வாங்குங்கள். அலுமினியம் போட்டால், ஈரத்தில் இரும்போடு ஒட்டியிருக்கும் அந்த ரிவெட் சீக்கிரம் அரித்துப்போகும்.

மூன்றாவது வெல்டிங், நிரந்தரமான வழி. சாதாரணக் குச்சி வெல்டிங் 0.8 தகரத்தில் ஓட்டைதான் போடும், கம்பி தானாக வரும் மிக் (MIG) மெஷின் வேண்டும். 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான் கலந்த கேஸும் நல்லது. கேஸ் இல்லாமல் ஓடும் கம்பியும் உண்டு, அதற்கு வெல்டிங் துப்பாக்கி நெகட்டிவில் இருக்கவேண்டும், கேஸோடு ஓடும் கம்பிக்குப் பாசிட்டிவ். பலர் இதை மாற்ற மறந்துவிட்டு மெஷின் சரியில்லை என்று நினைக்கிறார்கள். 30 முதல் 50 ஆம்ப்பியருக்குள் வைத்து, முதலில் வெட்டிய துண்டுகளில் பழகுங்கள். லயத்து வீட்டின் பழைய ஒயரிங்கில் நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷனைச் சுருட்டிவைத்தபடி ஓட்டாதீர்கள், முழுவதும் விரித்துவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் தொட்டி பக்கத்தில் இருந்தால் அதை இறக்காமல் வெல்டிங் கிடையாது. பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டிங் அடிக்காதீர்கள். குளோரின் சேர்ந்த கிளீனர்கள் அந்த வெப்பத்தில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும்.

இனி கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. மேலே ஒரு புள்ளி, நேர் எதிரே கீழே ஒரு புள்ளி, அப்புறம் இடம், அப்புறம் வலம். ஒரு புள்ளி என்றால் ஒரு விநாடி, அவ்வளவுதான். மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வந்ததும் நிறுத்தி, தகரம் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு புள்ளிகளுக்கு நடுவே புள்ளி, எப்போதும் இடம் மாற்றி மாற்றி. அவசரப்பட்டு ஒரே கோடாக இழுத்தால் தகரம் சூட்டில் விரிந்து அப்பளம் போல நெளிந்துவிடும், அதை நேராக்குவது ஒட்டுப் போடுவதைவிடக் கஷ்டம். உருகி ஓட்டை விழுந்தால் பின்னால் ஒரு செம்புத் துண்டை அழுத்திப் பிடித்து நிரப்புங்கள். செம்பில் இரும்பு ஒட்டாது.

உதவிக்கு ஓர் ஆள் வேண்டும், தண்ணீர் வாளியோடும் தீயணைப்பானோடும் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க. மூன்றாவது காடியில் வேலை முடித்து, கருவிகளை எடுத்துவைத்து, தேநீர் குடிக்கப் போனேன். இருபது நிமிடம் கழித்து வந்தால் உள்ளே புகை. கதவோரத்தில் நான் எடுக்காமல் மடித்துவிட்ட கம்பள நுனி நெருப்பில்லாமல் கனன்றுகொண்டிருந்தது. வாளித் தண்ணீர் போதுமானதாக இருந்தது, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிட்டிருக்கவேண்டும். முடித்தபின் ஒரு மணி நேரம் காடியை விட்டு நகராதீர்கள். பிள்ளைகளை வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்க விடாதீர்கள், இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும்.

தேய்த்து, பூசி, மூடுவது

வெல்டிங் மேடுகளை 80-ஆம் நம்பர் தட்டால் விட்டு விட்டுத் தேய்க்கவும், ஒரே இடத்தில் அழுத்தினால் தகரம் நீலமாகி மெலிந்துவிடும். டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள், வெளிச்சம் வந்தால் தண்ணீரும் வரும். எபாக்ஸி பிரைமர் அடித்து, காய்ந்ததும் இணைப்புகளில் சீலர் பூசுங்கள்.

பட்டி வெளிப்பக்கத்துக்கு மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் வேண்டாம். அது பள்ளத்தைச் சமன்செய்யத்தான், ஓட்டையை அடைக்க இல்லை. பட்டி தண்ணீரை உறிஞ்சும். ஹார்டனர் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு, அதாவது 100 கிராமுக்கு 2 கிராம். நம் வெயிலில் நாலைந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பின்னால் சாயத்தில் கறை எழும்பும். 80, 180, 240 என்று மரக்கட்டையில் சுற்றித் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண் காணாத மேட்டைக் கை சொல்லிவிடும். அப்புறம் பிரைமர், 400, 800 ஈரத்தேய்ப்பு, சாயம். சாயத்தின் குறியீட்டு எண் பொதுவாக பொனட்டுக்குள் உள்ள தகட்டில் இருக்கும். ஸ்பிரே டின் போதும். ஹார்டனர் கலக்கும் இரண்டு பாகச் சாயத்தை வீட்டில் அடிக்காதீர்கள், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண முகமூடி அதைத் தடுக்காது.

கடைசியாக உள்பக்கம். வெல்டிங் சூட்டில் பின்பக்கச் சாயம் கருகிப்போயிருக்கும், அடுத்த துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பிரைமர் எட்டுகிற இடத்தில் பிரைமர், எட்டாத இடத்தில் நீளக்குழாய் வைத்த மெழுகு ஸ்பிரே. கதவின் வடிகால் துளைகளை மெழுகால் அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கம்பளத்தை உடனே போடாதீர்கள். வெறும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நல்ல மழை ஒன்று பெய்யும்வரை ஓட்டுங்கள். மறுநாள் காலையில் தாளை எடுத்துப் பாருங்கள். எங்கேயாவது நனைந்திருந்தால் அந்த இடத்துக்கு நேர் மேலே தேடுங்கள், முழுத்தாளும் காய்ந்திருந்தால் கம்பளத்தை விரிக்கலாம்.